மகள் வாசித்த கடிதம்

காஞ்சிபுரத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பிள்ளைகள் நிமிர்ந்த நடையிலேயே கடந்து போகிறார்கள். என்னைப் போலப் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த உங்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்று தெரியும். அங்கே முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்தித்தான் கடக்க வேண்டும். என் மகள் செல்விக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் சேர்ந்த அன்று டீச்சர் முன்னால் அப்படித்தான் குனிந்து போனாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அக்கறையாகக் கேட்டார். “புள்ளைக்கு முதுகுல என்ன? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“இல்லம்மா, அது மரியாதை” என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

பர்மாவில், எங்கள் ஊர் மோல்மேனில் மூன்றாம் வகுப்பு படித்தவளை இங்கே ஒன்றாம் வகுப்பில், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். கணக்குகளுக்குச் சரியான விடைதான் போட்டிருந்தாள், ஆனால் பர்மிய எண்களில். எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்து முட்டை போட்டிருந்தார்கள். ஆசிரியர் கேட்டாலொழியப் பேசக் கூடாது என்று அவள் வளர்ந்திருந்தாள். அதை மந்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“வீட்டுல அந்த பாஷைய விட்டுடுங்க. ரெண்டும் கலந்துக்கினு இருந்தா பாடமே ஏறாது” என்றார் டீச்சர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அந்த பாஷை அவள் தாயுடையது. என் மனைவி மா சேன் பர்மியப் பெண். படுக்கையில் கிடந்த தன் தாயை விட்டுவர முடியாமல், கைக்குழந்தை குமாரோடு பின்னால் வருகிறேன் என்று அங்கேயே நின்றுவிட்டாள். நாட்டைவிட்டு வெளியேற அவளுக்கான அனுமதி கடைசிவரை வரவில்லை. நான் பர்மியம் கற்றது அரிசி ஆலையில், காதால். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது.

டீச்சர் சொன்ன அந்த வாரமே, சோற்றுக்கு நடுவே விக்கலெடுத்து, “அபே, யே” என்றாள் செல்வி. அப்பா, தண்ணீர் என்று அர்த்தம். செம்பு என் பக்கத்தில் இருந்தது. “தண்ணின்னு சொல்லு” என்றேன். அவள் என்னையே பார்த்தாள். விக்கலோடு சாப்பிட்டு முடித்து, குடிக்காமலே எழுந்து போனாள்.

பக்கத்து வீட்டு நெசவுக்காரர்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறத்தான் செய்தது. அவர்களுடைய பேச்சுக்கு ஒரு தெருவே துணை இருந்தது. செல்விக்கு நான் ஒருவன்தான். நானும் வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாதத்தில் அவளிடம் பர்மியம் நின்றது. தமிழ் வர ஒரு வருஷம் ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களில் அவள் எதிலும் பேசவில்லை.

நான்கு வருஷம் கழித்து மா சேனிடமிருந்து கடிதம் வந்தது. அதற்குள் செல்வி ஐந்தாம் வகுப்பு. நான் சாயப் பட்டறையிலிருந்து வந்ததும் அவளே பிரித்து, “எழுத்து தெரியுதுப்பா, அர்த்தம்தான் தெரியல” என்றாள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் அந்த எழுத்துகளை இத்தனை நாளும் எழுதிப் பார்த்திருக்கிறாள். எழுத்தைத் தனியாக எழுதிக்கொள்ளலாம். பேச ஓர் ஆள் வேண்டுமே.

“சத்தமா படி, நான் கேக்கறேன்” என்றேன்.

ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். தெரியாததைத் தாண்டிப் போனாள். திடீரென்று முகம் மலர்ந்து, “தம்பி பேரு வருதுப்பா!” என்றாள். அதே சிரிப்போடு அடுத்த வரியையும் வாசித்தாள். மழைக்காலத்தில் குமாருக்குக் காய்ச்சல் கண்டதையும், மூன்றாம் நாள் அவன் இறந்ததையும், அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும் என்று தாய் எழுதியிருந்ததையும் என் மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

“ஏம்ப்பா அழறே?”

“தம்பி போயிட்டாம்மா.”

அவள் காகிதத்தைத் திரும்பப் பார்த்தாள். “எந்த வார்த்தைப்பா அது?”

எனக்குக் காட்டத் தெரியவில்லை. அந்தச் சொல்லை வாயால் சொன்னேன். நான்கு வருஷத்தில் எங்கள் வீட்டில் நான் பேசிய முதல் பர்மியச் சொல் அது. அவள் வரி வரியாகத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்தாள். பிறகுதான் அழுதாள்.

மறுநாள் பதில் எழுத உட்கார்ந்தோம். நான் பர்மியத்தில் சொல்ல, பொருள் தெரியாமலே அவள் எழுதினாள். மறந்துபோன எழுத்து வந்த இடங்களில் தமிழ் எழுத்தைப் போட்டு ஓசையை நிரப்பினாள். மா சேனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சரிபார்க்க எனக்கும் பர்மிய எழுத்து தெரியாது. வரிக்கு இரண்டு மூன்று தமிழ் எழுத்துகள் நின்ற அந்தத் தாளை அப்படியே மடித்துத் தபாலில் போட்டேன்.