தார் ரோட்டில் வைத்த பைகள்

பத்தாம் வகுப்பில் என் பையை ஒரே மூச்சில் தூக்கித் தோளில் மாட்ட என்னால் முடியாது. முதலில் முழங்காலில் ஏற்றி, அங்கிருந்துதான் தோளுக்கு மாற்றுவேன். காக்கித் துணிப் பை. பாடப் புத்தகங்கள், நோட்டுகள், அட்லஸ், ஜியாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே சோற்று டப்பா. எந்த வாத்தியார் எதைக் கேட்பார் என்று தெரியாது. கேட்டது இல்லையென்றால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் சுமந்தோம். வார் பதிந்த தடம் ஞாயிற்றுக்கிழமைகூட மறையாது.

குடவாசல் பள்ளிக்கூடத்துக்கு எங்கள் தெருவிலிருந்து வயல் வரப்புதான் குறுக்கு வழி. வயல் மிராசுதாருடையது. எங்கள் அப்பா அம்மாக்கள் வேலை செய்ததும் அதில்தான். அந்தத் தை மாதம் சம்பா அறுப்புக்கு அவர் மெஷினைக் கொண்டுவந்தார். மெஷின் இறங்கினால் கூலிக்கு எங்கே போவது என்று எங்கள் தெருப் பெண்கள் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். முன் வரிசையில் என் அம்மா. போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார். மெஷின் வயலில் இறங்காமலே திரும்பிப் போனது.

மறுநாள் காலை வரப்பின் தலைப்பில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மிராசுதாரின் காரியஸ்தர் நின்றுகொண்டிருந்தார். இனி இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது, ரோட்டில் சுற்றிப் போங்கள் என்றார். பரீட்சை நெருங்குகிறது என்று கெஞ்சிப் பார்த்தோம்.

“அத ஒங்க ஆத்தாகிட்ட போய்ச் சொல்லு” என்றார்.

ரோட்டில் சுற்றினால் தூரம் இரண்டு மடங்குக்கு மேல். டவுன் பஸ் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போகும். அரசு கொடுத்த இலவச பாஸ் எல்லோரிடமும் இருந்தது. ஏழைப் பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டும் என்று தேர்தல் மேடையில் பேசக் கேட்டிருந்தோம், சுவரிலும் படித்திருந்தோம். பஸ் மட்டும் நிற்காது. பாஸ்காரர்களால் வசூல் இல்லை, பைகளோ ஆளைவிட அதிக இடம் பிடிக்கும். நாங்கள் கை காட்டினால் டிரைவர் எதிர்ப்பக்கம் பார்ப்பார். அடுத்து வரும், மிராசுதார் வீடு இருக்கும் பெரிய தெருவில் ஒற்றை ஆள் நின்றாலும் பஸ் நிற்கும்.

சில நாள் நடந்தோம். ஒரு காலையில், என்னோடு படித்த ஒல்லிப் பெண்ணொருத்தி தலை சுற்றி மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பையை என் மறு தோளில் மாட்டிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போவதற்குள் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் காலி சீட்டுகள் தெரிந்தன. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் பஸ் வரும் நேரத்தில் ரோட்டின் நடுவில் போய் என் பையை வைத்தேன். மற்றவர்கள் திகைத்துப் பார்த்தார்கள். பிறகு அந்த ஒல்லிப் பெண் தன் பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொருவராக வந்து வைக்க, ரோடு அடைபட்டுப்போனது. நாங்கள் பைகளுக்குப் பின்னால் நின்றோம். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, மிக அருகில் நின்றது. நாங்கள் நகரவில்லை.

கண்டக்டர் இறங்கி வந்து கத்தினார். என் பையைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

“ஏத்திக்கிட்டா எடுக்குறோம் சார்” என்றேன்.

பஸ்ஸில் இருந்த சந்தைக்காரப் பெண்கள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சீக்கிரம் கிளம்பச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். டிரைவர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். ஏறினோம்.

கண்டக்டரின் புகார் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. தலைமையாசிரியர் என் அம்மாவை வரச் சொன்னார். அதற்குள் கூலி பேசி முடிந்து அறுப்பு தொடங்கியிருந்தது. அம்மா தலையில் வைக்கோல் தூசியோடு வயலிலிருந்து நேராக வந்தாள்.

“பிள்ளைங்க ரோட்ட மறிக்கலாமாம்மா?” என்று கேட்டார் தலைமையாசிரியர்.

“மறிக்கலன்னா நிக்குமாங்க?” என்றாள் அம்மா.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம் என்றார் அவர். “எம் பொண்ணு அதெல்லாம் எழுதாதுங்க. பஸ்ஸு நின்னா அது பாட்டுக்குப் படிக்கும்” என்று சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். வீட்டில் இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. தலைமையாசிரியர் புகார்த் தாளை மடித்து வைத்தார். பிறகு என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார்.

அடுத்த நாளும் பைகளை வைத்தோம். அதற்கடுத்த நாளும் வைத்தோம். பிறகு எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே பஸ் வேகத்தைக் குறைக்கத் தொடங்கியது. பரீட்சைக்கு முன்பே எங்கள் தெரு முனை பஸ் நிற்கும் இடமாகிவிட்டது. காரியஸ்தர் முள்ளை அகற்றிவிட்டு, பிள்ளைகள் வரப்பில் வரலாம் என்று சொல்லி அனுப்பினார். எங்களில் ஒருவரும் போகவில்லை.

கணக்குப் பரீட்சையன்று எனக்கு சீட் கிடைத்தது. பெரிய தெருவில் சலவை வேட்டிக்காரர் ஒருவர் ஏறி என் பக்கத்தில் வந்து நின்றார். நான் எழுந்திருப்பேன் என்று எதிர்பார்த்து இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பையை மடிமீது இழுத்து வைத்துக்கொண்டு கணக்கு நோட்டை விரித்தேன்.