லீவு முடிவதற்குள் ஒரு ஆபரேஷன்

அன்று காலை ஆபரேஷன் தியேட்டரில் எல்லாம் தயார். ஆவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து துணியும் பஞ்சும் வைத்த டிரம்மை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நோயாளிதான் மேஜையில் ஏறவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் நான் தியேட்டர் சிஸ்டர். அந்த நோயாளி ராமலட்சுமி, ராஜபாளையத்து மில் ஒன்றில் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் வேலை பார்த்தவள். அவளுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது. அதற்கு ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தாள்; அது புண்ணைச் சீக்கிரம் ஆறவிடாது. அதோடு அடிவயிற்றில், இடுப்புக்கூட்டுக்குள்ளே, வருஷக்கணக்கில் விடாத வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. மதுரையில் வயிற்றில் சின்னத் துளையிட்டுக் குழாய்விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்தும் ஒன்றும் அகப்படவில்லை. காரணம் தெரியாவிட்டால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது அப்போது சர்வசாதாரணம். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

அவள் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். "லீவு முடியுறதுக்குள்ள எடுத்து விட்டுருங்க, டாக்டரம்மா. நான் போயிட்டா இவளக் கூட்டிக்கிட்டு யாரு அலைவா?" என்றார், ஜீப்பில் பழுதான பாகத்தைக் கழற்றச் சொல்வது போல. டாக்டரம்மா அரைமனதோடுதான் தேதி கொடுத்திருந்தார்.

மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடி ராமலட்சுமி கேட்டாள்: "எடுத்தா வலி போயிருமா, டாக்டரம்மா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. வலி எதனாலன்னு எனக்கே தெரியல."

"ஊசி போட்ட இடம் சீழ் வச்சு ஆற எம்புட்டு நாளாச்சு! கத்தி வச்சா இந்த ஒடம்பு தாங்குமா?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்கு."

"அப்ப வேண்டாம். தெரியாம எதுக்கு அறுக்கணும்?"

வராந்தாவுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் கணவர் கொதித்துவிட்டார். "ஏட்டி, அப்ப வலின்னு சொன்னதெல்லாம் நடிப்பா?"

அதுவரை கலங்காதவள் அழுதுவிட்டாள். டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "ஸ்கேன்ல தெரியலன்னா வலி இல்லன்னு அர்த்தமில்ல. வலி இருக்கு. எங்களுக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியல. லீவு மிச்சம் இருக்குல்லா? கூட இருந்து பாருங்க. எப்பக் கூடுது, எப்பக் கொறையுதுன்னு நீங்களே வந்து சொல்லுங்க."

ஊரில் பேரெடுத்த டாக்டர், அத்தனை பேர் கேட்க "தெரியல" என்று சொன்னதை அன்றுதான் பார்த்தேன். கடைசி நிமிஷத்தில் வேண்டாம் என்றவளின் துணிச்சலும் லேசுப்பட்டதல்ல. இருவரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

லீவு முடியும் தறுவாயில் கணவனும் மனைவியும் வந்தார்கள். "எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்க, ராமலட்சுமி வாய் திறப்பதற்குள் கணவர் சொன்னார்: "பஸ்ல போனா மறுநா கூடிருது, டாக்டரம்மா. ஒண்ணுக்குப் போறப்ப பல்லைக் கடிக்கா. மூட்டு வீங்குற அன்னைக்கெல்லாம் இதுவும் சேந்தே வருது. ஒத்தடம் குடுத்தாத்தான் செத்த நேரம் தூங்குதா."

"ஒத்தடம் யாரு குடுக்கா?"

"நாந்தான்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த வலிக்குக் கடைசி வரை பெயர் கிடைக்கவில்லை. மருந்தை மாற்றியும் இடுப்புத் தசைக்குப் பயிற்சி கொடுத்தும் பார்த்ததில் பாதி குறைந்தது. ராமலட்சுமி மில்லுக்குத் திரும்பினாள்.

புதிதாக நர்சிங் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ரிப்போர்ட் நார்மல் என்றால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "இன்னும் தெரியல" என்று, வீட்டார் காதில் விழும்படிச் சொல்லுங்கள். வலியோடு வீடு திரும்புகிறவளை அவர்கள் நம்புவார்களா இல்லையா என்பது அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.