தாலி தேட எழுதிய விண்ணப்பம்

எங்கள் அம்மாவின் தாலி ஒரு மாதத்துக்கு மேல் ஓல்டன் நகரசபையின் புல்லுக்குள் கிடந்தது. அதைத் தேடுவதற்கு விண்ணப்பம் எழுதியவன் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. வீட்டில் ஜெர்மன் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அது பெரிய உத்தியோகம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பெரிய படிப்பு ஒன்றும் எனக்கு ஏறவில்லை. இன்றைக்கும் சாமான் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். நான் எழுதிய கடிதங்களிலே அரசாங்கம் பாராட்டிப் பதில் போட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் ஒன்று அது. ஊரில் சண்டை நின்றிருந்தது. சண்டை நின்றதால் திரும்பிப் போகலாம்தானே என்று அகதிகளிடம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, அந்தக் கேள்விக்கு முந்திய மாரியில்தான் மட்டக்களப்பிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். அவருடைய வழக்கு முடியவில்லை. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் கீழே ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, “தொலைபேசிக் கணக்குத்தான் சித்தப்பா” என்று கத்தினால்தான் வெளியே வருவார். எங்களுக்கு அது பகிடி.

அவருடைய இன்னொரு பழக்கமும் எங்களுக்குப் பகிடிதான். புல்லில் கால் வைக்க மாட்டார். ஆற்றங்கரைப் பூங்காவில் கோடையில் எங்கள் ஆட்கள் கூடுவோம். பக்கத்து ஊரான லாங்கன்தாலிலிருந்தும் நாலைந்து குடும்பங்கள் வரும். கோழி சுடுகிற புகையில் நாயோடு நடக்க வருகிற கிழவிகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு போவார்கள். அடுத்த முறை சுற்றி வரும்போது ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். சித்தப்பா மட்டும் நாள் முழுக்கத் தார் போட்ட நடைபாதையில் நின்றுகொண்டே சாப்பிடுவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்கள். ஓல்டன் பக்கம் கடைசி ஆளாக, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றது அம்மா. எல்லோரும் ஒன்றாக விழுந்தார்கள். எழும்பிப் பார்த்தால் அம்மாவின் தாலிக்கொடி அறுந்து சட்டைக்குள் கிடக்கிறது, தாலியைக் காணவில்லை. வெளிச்சம் போகும் வரைக்கும் இரண்டு ஊர் ஆட்களும் முழங்காலில் தவழ்ந்தோம். கிடைக்கவில்லை. வென்றது தாங்கள்தான் என்று லாங்கன்தால் ஆட்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அம்மா மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு ஒன்றைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். முதியோர் இல்லத்து வேலைக்கு அந்த வெக்கையிலும் கழுத்து மூடிய சட்டையோடு போனார். கோயிலுக்குப் போகவில்லை. புதிது ஒன்று செய்விக்கலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார்.

“புதுசு செய்யிறதுக்கு நான் என்ன புதுசாக் கலியாணம் கட்டப் போறனோ?”

அதற்குப் பிறகு அப்பா தன்னோடு வேலை செய்த இத்தாலிக்காரர் ஒருவரிடமிருந்து உலோகம் தேடும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு நீளத் தடி, நுனியில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு வட்டம். அந்த மனிதர் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கடற்கரையில் காசு பொறுக்குவாராம். அப்பா ஒவ்வொரு பொத்தானாக அமத்திப் பார்த்தார். அது கதிரைக் காலுக்கும் கத்தியது, அவருடைய பெல்ட்டுக்கும் கத்தியது.

“விடுங்கோ அண்ணை, அது அப்பிடிப் பிடிக்கிறேல்லை” என்று சித்தப்பா எழும்பி வந்தார். காதில் மாட்டுவதை மாட்டிக்கொண்டு, ஒரு பொத்தானை மயிரளவு திருப்பி, நிலத்தில் படாமல் மெதுவாக ஆட்டத் தொடங்கினார். நாங்கள் கம்பளத்துக்குக் கீழே அம்மாவின் மோதிரத்தை ஒளித்து வைத்திருந்தோம். “இது ஆணி. இதுகும் ஆணி. மச்சாள், உங்கட மோதிரம் இஞ்ச கிடக்கு.” அம்மாவை அவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். எல்லோரும் கை தட்டினோம். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எங்க பழகினீங்கள் சித்தப்பா?”

“ஊரில ரெண்டு வருசம் இதுதானே வேலை. கண்ணிவெடி தேடுறது” என்றார், அந்தச் சிரிப்போடேயே.

அடுத்த நாள் பின்னேரம் பூங்காவுக்குப் போனோம். கருவியைக் காரிலிருந்து இறக்கியதுமே செம்மஞ்சள் உடுப்புப் போட்ட நகரசபைத் தோட்டக்காரர் ஒருவர் வந்து நின்றார். கோபமில்லாத மனிதர். பொது நிலத்தில் இதைப் பாவிக்கக் கடதாசி வேண்டும் என்றார். முதலில் நகரசபையின் சம்மதம், பிறகு கன்டோன் என்கிற மாகாண அரசில் தொல்பொருள் பார்க்கிற அலுவலகத்தின் பெவிலிகுங், அதாவது அனுமதி. நிலத்துக்குள் இருக்கிற பழைய பொருளெல்லாம் கன்டோனுக்குச் சொந்தம். நான் மொழிபெயர்த்தேன்.

“என்ர தாலியுமோ?” என்றார் அம்மா.

அதையும் நான் மொழிபெயர்த்தேன். தோட்டக்காரர் சிரிக்கவில்லை. நாங்கள் தேடிய இடம் எது என்று கேட்டு, நாலு மூலையிலும் தடி ஊன்றிச் சிவப்பு நாடா கட்டினார். கடதாசி வரும் வரைக்கும் அதற்குள் புல் வெட்டும் இயந்திரத்தை விட மாட்டேன் என்றார். சொன்னபடியே செய்தார். சுற்றிலும் வழித்த மாதிரி இருக்க, அந்தச் சதுரத்தில் மட்டும் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. பேருந்தில் போகும்போது அம்மா அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்.

விண்ணப்பம் நாலு பக்கம். இடம், காரணம், எவ்வளவு ஆழம் தோண்டுவீர்கள், பழைய பொருள் கிடைத்தால் ஒப்படைப்பீர்களா. தேடுகிறவரின் பெயர் என்ற இடத்தில் அப்பா, “அவன்ரையைப் போடு, அவனுக்குத்தான் அது பிடிக்கத் தெரியும்” என்றார். கருவியில் அனுபவம் உண்டா, எங்கே, எவ்வளவு காலம் என்றும் ஒரு கேள்வி இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் தெரியுமே. ‘ஆம். இலங்கையில் இரண்டு வருடம். கண்ணிவெடிகளைத் தேடினார். மிகவும் திறமையானவர்’ என்று எழுதினேன். கடைசி வசனம் என்னுடைய சொந்தச் சரக்கு. எழுத்துப் பிழை இருக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் ரீச்சரிடமும் காட்டினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டுக் கொடுத்தேன். சித்தப்பா வந்த நாள் முதல் புள்ளடி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதர். இதிலும் போட்டார்.

நாலு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. சித்தப்பா கக்கூசுக்குள் போக முதலே நான் கடிதத்தை உடைத்து, கூடத்தின் நடுவில் நின்று எல்லோருக்கும் வாசித்தேன். ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் அனுமதி. பத்துச் சென்டிமீற்றருக்கு மேல் தோண்டக்கூடாது. வெட்டிய புல்லைத் திரும்ப வைத்து மிதித்துவிட வேண்டும். “இலங்கையில் கண்ணிவெடி தேடிய உங்கள் அனுபவத்தைக் கருத்தில் எடுத்து மகிழ்ச்சியோடு அனுமதி தருகிறோமாம்” என்று முடித்துவிட்டு, யாராவது முதுகில் தட்டுவார்கள் என்று பார்த்தேன்.

“அதை ஆர் எழுதினது?” என்று சித்தப்பா கேட்டார்.

“நான்தான்.”

அவர் கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்தை நெடுநேரம் பார்த்தார். கொஞ்சம் பிந்திக் குசினிக்குள் அவருடைய குரல் கேட்டது. “புடவைக்கடையில நிண்டனான் எண்டுதான் மச்சாள் விசாரணையில சொன்னனான். இயக்கத்தில இருந்தது எண்டு தெரிஞ்சால் விடுவாங்களோ?” அம்மா ஏதோ சொன்னார், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. புடவைக்கடைக்கும் பூங்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துவிட்டு நான் விளையாடப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் வர மாட்டார் என்றுதான் அப்பா நினைத்தார். ஆனால் எல்லோருக்கும் முதல் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். புல்லில் அவர் கால் வைத்ததை அன்றைக்குத்தான் கண்டேன், அதுவும் கருவி போன இடத்தில் மட்டும். நூல் பிடித்து ஒரு முழ அகலத்துக்குப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார். எங்கள் ஒருவரையும் நாடாவுக்குள் விடவில்லை. சத்தம் வந்தால் மண்டியிட்டு, ஒரு மெல்லிய கம்பியைச் சரிவாக மண்ணுக்குள் இறக்கினார், தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி. போத்தல் மூடி, ஆணி, கோழி சுற்றிய அலுமினியத் தாள். மூன்றாவது பாத்தியில் தாலி. யாரோ மிதித்ததில் ஒரு விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அம்மா அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு அழுதார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். சித்தப்பா வெட்டிய ஒவ்வொரு புல்லையும் திரும்ப வைத்து, காலால் மிதிக்காமல் கையால் அமத்திக்கொண்டிருந்தார்.

பழைய பானை ஓடுகளைப் பற்றிக் கவலைப்படுகிற ஓர் அலுவலரைத் தவிர வேறு எவரும் என் விண்ணப்பத்தைப் படித்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அகதி வழக்குப் பார்ப்பது வேறு ஊர், வேறு கட்டடம். அது எனக்கு அப்போது தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது. அவருக்கு அரசாங்கம் என்றால் ஒரே மேசைதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பையோடு நின்றார்.

“தம்பி, ஜெனீவாவுக்குப் போற ரயில் எதில வருது எண்டு ஒருக்காப் பார்.”

“வேலை விசயமோ?”

“ஓம், வேலை விசயம்தான்.”

மஞ்சள் அட்டவணையில், நாட்டின் எல்லையோரத்தில் இருக்கிற ஜெனீவாவை விரல் வைத்துத் தேடி, அவரைச் சரியான மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓல்டனில் ரயில் மாறி ஏறிவிடுவது லேசு. பெரிய ஆட்களே தடுமாறுவார்கள். ரயில் வந்ததும் என் தலையில் கை வைத்தார். “வடிவா வாசிக்கிறாய்” என்றார். கதவு மூடியதும் மற்றப் பக்கத்து இருக்கையில் போய் இருந்துவிட்டார்.

வீட்டில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவைச் சரியான ரயிலில் ஏற்றிவிட்டு வந்ததாகப் பெருமையாகச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தார். எத்தனை மணி ரயில் என்று கேட்டார். நான் நிமிடம் பிசகாமல் சொன்னேன்.