சீசாவில் ஒட்டிய பெயர்

இன்று காலை எதிர் வீட்டுப் பெண் மண்ணெண்ணெய் கடன் கேட்டு ஒரு சீசாவோடு வந்தாள். புனலை வைக்கும்போதுதான் பார்த்தேன். பாதி உரிந்த லேபிள். இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். கீழே பெயர் இருந்த இடம் தேய்ந்து போயிருந்தது. நல்லதாய்ப் போயிற்று. ஒரு பொருளையும் கைதவற விடாதவள் என்று பெயரெடுத்த நான் புனலைக் கீழே போட்டேன்.

"யாருக்கா இந்தப் பொம்பள?"

"ஏதோ சோப்புப் படம்" என்றேன். முழுப் பொய்யும் இல்லை.

மண்ணெண்ணெயையும் மீறி வேலம்பட்டை வாடை அடித்தது போலிருந்தது. பட்டையும் வெல்லமும் ஊறும் அந்த வாடையில்தான் நான் கடத்தூரில் வளர்ந்தேன். அப்பா சர்க்கார் உரிமம் எடுத்துச் சாராயம் காய்ச்சியவர். அப்போது அதற்குப் பெயரே கிடையாது. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுவார்கள். பிறகு மதுவிலக்கு வந்து அடுப்பு அணைந்தது. அண்டாவும் தவலையும் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. வாடை மட்டும் சுவரில் தங்கியது.

யுத்தத்தின் நடுவில் மறுபடி சாராயக் கடைகளைத் திறக்கலாம் என்றார்கள். அப்பா அதே சரக்கைச் சீசாவில் அடைத்து 'நாட்டு விஸ்கி' என்று விற்கத் துணிந்தார். சீசாவுக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்குப் பெயர் வேண்டும்.

"முனியப்பன் விஸ்கின்னு வெச்சிரலாமுங்க" என்றார் அவருடைய கூட்டாளி.

"குடிச்சுப்போட்டு சீசாவ சாக்கடையில எறிவானுங்க. சாமி சும்மா வுடுமா?"

"அப்ப தொரைமாருங்க பேரா எதாச்சும்?"

"நம்மூரு வாயில நொழையாதுய்யா."

அந்த நேரம் பார்த்து நான் மோர் கொண்டுபோனேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பிறந்த வாரம்தான் அவருக்கு முதல் சாராயக் கடை ஏலம் விழுந்ததாம். ராசியான பெயர், அதையே வைத்துவிடலாம் என்றார்.

"ஏனுங்க, அது பொட்டப்புள்ள பேருங்க!" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தியது எடுபடவில்லை.

எனக்கு அன்று பெருமைதான். சேலத்து அச்சகத்திலிருந்து கட்டு வந்ததும் ஒரு லேபிளைத் திருடிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். படம் எந்தச் சோப்புக்கோ வெட்டிய பழைய அச்சுப் பிளாக். என் உடம்பு மொத்தமும் அந்தப் பெண்ணின் ஒரு கைக்குக் காணாது!

சரக்கு விற்றது. சந்தையில் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.

"அவ இல்லாம தூக்கம் வர்ல மாமோவ்!"

"நேத்து வந்தவ தண்ணி தண்ணியா இருந்தாளேடா!"

நான் தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் பழகினேன்.

அரூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். "பேரென்ன கண்ணு?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். சொன்னேன். பையனின் சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "பொண்ணும் கெறக்கமாத்தான் இருக்குது" என்று வாசலில் யாரோ சொன்னது உள்ளே வரை கேட்டது. அடுத்து வந்தவர்கள் காப்பியைத் தொடவில்லை. அதற்கடுத்தவர்கள் வரவே இல்லை.

"சரக்கோட பேர மாத்திருங்கப்பா" என்று அப்பா எதிரில் நின்று கேட்டேன்.

"வேற பேருல எறக்கிப் பாத்துட்டேன் புள்ள. ஒருத்தனும் தொடல. இதும் போச்சுன்னா எல்லாரும் என்னத்தத் திங்கறது?"

சொல்லிவிட்டு அழுதார். நான் மறுபடி கேட்கவில்லை.

மதுவிலக்கு திரும்பவும் வந்தது. அதிகாரிகள் களத்தில் சீசாக்களை உடைக்க, அப்பா வேலிப் படலைப் பிடித்தபடி நின்றார். சரக்கு மண்ணுக்குள் போயிற்று. பெயர் மட்டும் ஊர் வாயிலிருந்து போகவில்லை. கடைசியில் திருவண்ணாமலைப் பக்கம் மனைவியை இழந்த ஒருவர் சம்மதித்தார். பெண்ணின் பெயரை மாற்றவேண்டும் என்பது அவருடைய தாயாரின் ஒரே நிபந்தனை. கல்யாணப் பத்திரிகையிலேயே மாற்றினார்கள். அதன்பின் அப்பாவுக்கு நான் 'புள்ள', அம்மாவுக்குக் 'கண்ணு'. இருவருமே இன்று இல்லை. வாடை பிடித்த அந்தச் சுவரும் இல்லை. இந்த நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் நான் எழுதுவதும் புதுப்பெயரைத்தான்.

தாலி கட்டிய மறுநாள் அரூரில் பஸ் ஏறப் போனோம். குடிக்கு ஏங்கிய ஒரு கிழவன் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, என் பழைய பெயரைச் சொல்லி, "எங்கடி போன, வந்துரு" என்று அழுதுகொண்டிருந்தான். பழக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யார் வாயிலும் நான் கேட்டதில்லை.

அவனும் என்னைக் கூப்பிடவில்லை.