வாபஸ் நாளில் கொடுத்த லைன்

கைப்பேசி நாம் நிற்கிற இடத்தை யாருக்கோ சொல்லிவிடுகிறது என்று இப்போது எல்லோரும் பதறுகிறார்கள். எனக்கு அதைக் கேட்கவே சலிப்பாக இருக்கிறது. எண்பதுகளில் தருமபுரி மாவட்டத்துச் சின்ன ஊர் ஒன்றின் டெலிபோன் எக்சேஞ்சில், சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்த வேலையை நான்தான் செய்துகொண்டிருந்தேன்.

மொத்தமே ஐம்பதுக்குக் குறைவான இணைப்புகள். யாராவது ரிசீவரை எடுத்தால் என் முன்னால் இருந்த பலகையில் அவர்கள் நம்பருக்கான சின்ன மூடி விழும். நான் ஒயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் யார் நம்பர் சொன்னார்கள்? "எக்சேஞ்சம்மா, டாக்டருக்குக் குடுங்க" என்பார்கள். டாக்டர் அந்நேரம் கிளினிக்கில் இருக்கமாட்டார், வக்கீல் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருப்பார். அது எனக்குத் தெரியும். "வக்கீல் வூட்டுல இருக்காருங்க, தரேன்" என்று அங்கே செருகுவேன். தக்காளி மண்டிக்காரர் பாலக்கோட்டுக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுவேன். ஊரில் இதைக் கெட்டிக்காரத்தனம் என்றார்கள். காது வலிக்க வலிக்க எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பாராட்டு ஒன்றுதான் மிச்சம்.

வெகுகாலம் நடக்காமல் இருந்த உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு கட்சிக்காரர் எதிர்ப்பே இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர் ஆவதாக இருந்தார். கடைசி நேரத்தில் ஒரு கத்தோலிக்க விவசாயி மனுப் போட்டுவிட்டார். அவர் தெருவில் குடிதண்ணீர் பம்பு கிடையாது. அந்தக் கிராமத்துக்கு வரும் பம்பெல்லாம் கட்சிக்காரர் தோட்டத்தை ஒட்டியே இறங்கும். அதற்காகத்தான் நின்றார். மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி மிரட்டல் வந்ததும் ஆள் தலைமறைவானார். வாபஸ் நாள் மதியம் மூன்று மணிவரை யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டால் போதும்.

கட்சிக்காரர் எக்சேஞ்சுக்கே வந்தார். கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய். என்னைப் பார்த்தால் அவ்வளவு மலிவாகவா தெரிந்தேன்!

"என்ன பேசறாங்கன்னு வேண்டாங்க. அந்தாளு சம்சாரம் யாருக்குப் பேசறாங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தாங்க இந்தச் சீட்டுல உக்காந்திருக்கேன்."

"ஏரியூர்க் காட்டுப் பக்கம் மாத்திட்டா என்ன பண்ணுவீங்க?"

"மாத்துங்க. அங்கயும் இதே காதுவலிதானுங்க."

மூன்று நாள் தொடர்ந்து வந்தார். நான் மசியவில்லை. மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கியபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஏனென்றால் தலைமறைவான அந்த விவசாயி எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் மனைவி தினமும் காலையில் எங்கள் கட்டிடத்தின் முன்பக்கம் இருந்த பொதுத் தொலைபேசிக்கு வருவார். அதில் ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம்தான், ஆனதும் நான் குறுக்கே வந்து சொல்லிவிடுவேன். "எங்கண்ணன் மில்லுக்குக் குடுங்க" என்பார். அண்ணனுக்கு ஊர் ஓரத்தில் மாவு மில். லைன் விழுந்ததா என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நான் விலக வேண்டும். அண்ணன் எடுத்து, உடனே வேறொரு கைக்குக் கொடுப்பார். அடுத்த "அலோ" புருஷனுடையது.

வாபஸ் நாள் வந்தது. பதினொரு மணி இருக்கும். டாக்டர் கிளினிக்கின் மூடி விழுந்தது. கம்பவுண்டர் பேசினார்.

"எக்சேஞ்சம்மா, எலெக்சன்ல நிக்கறாரே, அவரு கடைசிப் பொண்ணு ஸ்கூல்ல மயங்கி விழுந்துருச்சுங்க. இங்க தூக்கியாந்திருக்காங்க. அப்பன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"அய்யோ, மாவு மில்லுல இருக்காருங்க. இருங்க, தரேன்."

மூன்று நாள் கட்சிக்காரரிடம் காத்ததை மூன்று விநாடியில் கம்பவுண்டரிடம் கொட்டிவிட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டது வேறொருவர்.

மில்லில் மணி அடிப்பதற்குள் கிளினிக் பக்கம் ரிசீவரை வைத்துவிட்டார்கள். பொய் சொல்லி என்னிடம் இடத்தை வாங்கிவிட்டார்கள் என்று அப்போதே புரிந்தது. மில்லில் அண்ணன் எடுத்து, "யாருங்க?" என்றார். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. சொன்னால், நான் உளறியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்லைங்க, தப்பா வந்துருச்சு" என்றேன்.

அரை மணியில் மில் வாசலில் இரண்டு ஜீப் நின்றதாம். மூன்று மணிக்கு முன்பே அந்த விவசாயி வாபஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார். கட்சிக்காரர் போட்டியின்றித் தேர்வு. பெண் மயங்கி விழவே இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்த விவசாயியே எக்சேஞ்சுக்கு வந்தார். உதட்டோரம் காயம் ஆறிக்கொண்டிருந்தது.

"எம் மச்சானே என்னைய வித்துட்டானுங்க. எம் சம்சாரத்தையும் உங்களையும் விட்டா நான் அங்க இருந்தது அவனுக்குத்தான தெரியும்? நீங்க மட்டுந்தான் அவங்க மெரட்டியும் வாயத் தொறக்கலைன்னு ஊரே சொல்லுதுங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

கையெடுத்துக் கும்பிட்டார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதி அந்த நல்ல பெயர். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் அப்படியே நினைத்தேன்.

இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். இரண்டு வருஷத்தில் அவருடைய மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோயிலில் மூன்று ஞாயிறு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டுக் கல்யாண ஓலை வாசித்தார்கள். தாய்மாமனுக்கு மட்டும் பத்திரிகை வைக்கவில்லை. மாமன் சீர் இல்லாமல் ஒரு பெண் மாலை போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று ஊர் வாயெல்லாம் அதுதான் பேச்சு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை அந்தப் பெண்ணின் அம்மா பொதுத் தொலைபேசிக்கு வந்தார்.

"எங்கண்ணனுக்குக் குடுங்க. எங்க வூட்டுல தெரிய வேண்டாங்க."

செருகினேன். அண்ணன் எடுத்தார். "அலோ, யாருங்க?" என்றார் இரண்டு முறை. அந்தம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"பாப்பா, நீயா?" என்றார். "நான் சொல்லல பாப்பா. மாதா மேல சத்தியமா நான் சொல்லல."

இரண்டு பேருக்கும் நடுவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் இருந்தேன். சுவிட்சைத் தட்டிப் பேசினால் இருவருக்கும் என் குரல் கேட்கும். தட்டினேன்.

"மூணு நிமிஷம் ஆச்சுங்க" என்றேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.