எதுக்கு ஜாக்கிரதை?

கதவு திறந்த உடனே அவர் லிஃப்ட்டுக்குள் கால் வைத்துவிடுவதில்லை. முதலில் குனிந்து, உள்ளே தரை இருக்கிறதா என்று பார்ப்பார். முப்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவருக்குத் தரை இல்லாமல் திறந்த கதவுகளும் தெரியும். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கொட்டட்டும்.

"ஜாக்கிரதையா போயிட்டு வாங்க" என்று யாராவது வழியனுப்பினால் நின்றுவிடுவார். "எதுக்கு ஜாக்கிரதை? நாய் இருக்கா, படி ஈரமா? அதச் சொல்லுங்க." நமக்கெல்லாம் அந்தச் சொல் வாசலோடு முடிந்துபோகிற உபசாரம். அவருக்கு அது கையால் செய்கிற வேலை. வெளியே கிளம்புமுன் கேஸ் அடுப்பின் குமிழை மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். "மூடியாச்சுன்னு சீல் வச்சுக் குடுக்கட்டுமா?" என்பார் மனைவி. சிரித்துக்கொண்டே நாலாவது முறையும் தொடுவார்.

போன வாரம், மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் மாதாந்திரச் சோதனை. லிஃப்ட்டைத் தாங்கும் இரும்பு ரோப்பின் மேல் பழைய பனியன் துணி ஒன்றை வைத்து மெல்ல ஓடவிட்டார். இழை எங்காவது அறுந்திருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் மாட்டியது. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு இடங்களில். லிஃப்ட்டை நிறுத்திவிட்டார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அரக்கப்பரக்க வந்தார். "புது ரோப் வர்ற வரைக்கும் ஓடட்டுமே. நாங்க ஜாக்கிரதையா போயிட்டு வந்துக்கிறோம்."

"உள்ள நிக்கிறவங்க என்ன சார் ஜாக்கிரதை பண்ண முடியும்? மூச்சப் புடிச்சிக்கிட்டு நிப்பீங்களா?"

செயலாளரைச் சமாளித்தாயிற்று. அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து திரும்பிய மகள் உள்ளே வந்தாள். எட்டு மாத வயிறு. வீடு நாலாவது மாடி.

"அப்பா, ஒரே ஒரு தடவ. என்னை மேல விட்டுட்டு நிறுத்திடுங்க. காலப் பாருங்க, எப்படி வீங்கியிருக்குன்னு."

பார்த்தார். ஒரு தடவைதானே என்று, முப்பது வருடத்தில் முதல்முறையாக, அவர் மனமே அவரிடம் பேரம் பேசியது.

"முடியாதும்மா."

"ஊருக்குப் பாக்குற ஜாக்கிரதைய எங்கிட்டயும் காட்டணுமா?"

"உங்கிட்டதாம்மா மொதல்ல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சங்க அறைக்குள் போய், அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைத் தூக்கிக்கொண்டு படியேறினார். முதல் திருப்பத்தில் ஒன்றைப் போட்டு, தானே அதில் உட்கார்ந்து, நாற்காலியின் கால் ஆடுகிறதா என்று இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, மற்றவற்றைத் தூக்கிக்கொண்டு அடுத்த திருப்பத்துக்குப் போனார்.