வெள்ளவத்தையில் பெய்யாத மழை

கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் காய்ச்சலோடு மயங்கிக் கிடந்த நாட்களில், எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தாதியின் குரல்தான். ஈரத்துணியால் நெற்றியைத் துடைக்கும்போதெல்லாம், "வெள்ளவத்தையில நல்ல மழை அங்கிள், கடலே தெரியேல்ல" என்பார். நானும் அந்த மழையில் நனைந்தபடி எங்கோ மிதந்துகொண்டிருப்பேன்.

கண் விழித்தபோது முகக்கவசத்துக்கு மேலே களைத்த இரண்டு கண்கள் சிரித்தன.

"இப்பவும் மழையோ, மிஸ்?"

"ஒரு துளியும் பெய்யேல்ல அங்கிள். உங்கட உடம்பு நெருப்பாக் கொதிச்சது. அதான் மழையெண்டு சொன்னனான்."

நோயாளர் பராமரிப்பைப் பற்றி ஆராயும் மாணவி ஒருத்தி பின்னர் வீட்டுக்கு வந்து, அங்கே எது ஆறுதலாக இருந்தது என்று கேட்டாள்.

"மழை" என்றேன்.

அவளுடைய பேனா நின்றது. "அந்த மாசம் கொழும்பில மழையே இல்லையே, அங்கிள்?"

"தெரியும் பிள்ளை. ஆனா நான் நனைஞ்சனான். எழுதுங்கோ."